14 துணிகளும் மூன்று திருத்தங்களும்

அம்மாவின் வீட்டுக் கணக்கு நோட்டிலிருந்து 14 பக்கங்களைத் துணியில் நீல அச்சாக எடுத்து ஒரு தொடர் செய்திருந்தேன். முடிக்க ஏழு மாதம் ஆனது. ஐந்து பேரை அழைத்துக் காட்டியபோது, அது படைப்பாக நிற்காது என்று 50 நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அதே துணிகளை மூன்று முறை திருத்தியிருக்கிறேன். முதல் முறை செய்தது பெரிய தவறு. பரிசோதனையாக ஒன்றைச் செய்துவிட்டு, கடுமையான கருத்துகளைக் கேட்டுவிட்டு, அடுத்து எங்கே கை வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர் யாராவது இருந்தால், என் கதை அவருக்கு ஏதாவது ஒரு இடத்தில் உதவலாம்.

படைப்பு எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முறை சயனோடைப். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த அச்சுமுறை. ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இரண்டையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, பிறகு கலந்து, மங்கிய வெளிச்சத்தில் துணியில் பூசிக் காயவைக்க வேண்டும். மேலே படம் அச்சான, கண்ணாடிபோல ஒளி புகும் பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலச வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாக நிற்கும். படாத இடத்து மருந்து கரைந்து வெள்ளையாகிவிடும். நோட்டில் கறுப்பு மையில் இருந்த அம்மாவின் எழுத்து இப்படித்தான் ஆழ்ந்த நீலத்தின் நடுவே வெள்ளையாக வந்தது.

இந்த முறையில் ஷீட் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவுதான். என் பிரிண்டரில் ஏ3 வரைதான் போகும். அதனால் நாலு ஏ3 ஷீட்டுகளை ஒட்டி, கிட்டத்தட்ட 60-க்கு 84 சென்டிமீட்டர் அளவில் ஒவ்வொரு துணியையும் எடுத்தேன். ஒட்டு விழுந்த இடமெல்லாம் வெளிறிய கோடாகத் தெரிந்தது. அதன்மேல் சிவப்பு நூலால் தையல் போட்டேன். சுவரில் கண் மட்டத்தில் வரிசையாக மாட்டினேன். துணி அசைய ஒரு மின்விசிறி. மூலையில் ஒரு ஸ்பீக்கர். அம்மாவே எண்களை வாசிக்கும் ஒலிப்பதிவு அதில் ஓடியது. வாசலுக்குப் பக்கத்தில் 400 சொற்களில் ஒரு அறிமுகக் குறிப்பு. தலைப்பு ‘நினைவின் எண்கணிதம்’.

வந்தவர்களில் இருவர் ஓவியர்கள், ஒருவர் சிற்பி, ஒருவர் நாடகத்தில் ஒளியமைப்பு செய்பவர், ஒருவர் கண்காட்சிகளை அமைப்பவர். ஐவருமே என்மேல் அக்கறை உள்ளவர்கள்தான்.

சிற்பி முதலில் பேசினார். “படிக்கச் சொல்ற மாதிரி மாட்டியிருக்கீங்க. ஆனா படிக்க முடியல.” மூத்த ஓவியர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நீலம் ரொம்ப அழகா இருக்கு. அந்த அழகைத் தாண்டி உள்ளே போக முடியல” என்றார். கண்காட்சி அமைப்பவர், “குறிப்பைப் படிச்சப்பதான் எனக்கு ஏதாவது தோணிச்சு. துணியைப் பார்த்தப்ப தோணல” என்றார். இன்னொரு ஓவியர், “இந்தச் சிவப்பு நூல் எதுக்கு?” என்று மட்டும் கேட்டார். ஒளியமைப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அறையில் நின்ற நேரமெல்லாம் ஸ்பீக்கரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நூல் என்பது உறவு, இரத்தம், காலம் என்றெல்லாம் சொன்னேன். நல்லவேளையாக அன்று நடந்த பேச்சைப் போனில் பதிவு செய்திருந்தேன். பிறகு கேட்டபோது, 50 நிமிடத்தில் 28 நிமிடம் என் குரல்தான் கேட்டது. என் படைப்பைப் பற்றி அறிய ஐந்து பேரை அழைத்துவிட்டு, அவர்களுக்கு 22 நிமிடம்தான் கொடுத்திருக்கிறேன்.

அன்றிரவே துணிகளைக் கழற்றி ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. செய்யவில்லை. அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு எண்ணெய் ஓவியத்தைப் பற்றி ‘வானம் கனக்கிறது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அன்றிரவே வீட்டுக்கு வந்து, கையில் இருந்த அக்ரிலிக்கால் வானத்தை வெளுப்பாக்கினேன். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் சரியாகப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. அக்ரிலிக் மேல் எண்ணெய் போடலாம், எண்ணெய் மேல் அக்ரிலிக் கூடாது என்பது ஆரம்பப் பாடம். அந்த இரவு மனம் எரிந்துகொண்டிருந்ததில் பாடம் ஞாபகத்துக்கு வரவில்லை. சில மாதங்களில் வானம் தோலாக உரிந்து, அடியில் இருந்த ஓவியத்தையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்தது. அதிலிருந்து, விமர்சனம் கேட்ட படைப்பைப் பத்து நாள் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். துணியானால் மடித்து வைக்கிறேன், சட்டமானால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கிறேன்.

அந்தப் பத்து நாளில் ஒலிப்பதிவைக் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதினேன். ‘நீலம் அழகு, அதைத் தாண்டிப் போக முடியல’ என்று சொன்னதை ‘நிறம் பிடிக்கவில்லை’ என்று சுருக்கி எழுதிவிடத்தான் கை போகிறது. அப்படிச் சுருக்கினால் அது வேறு கருத்தாகிவிடும். அப்புறம் தாளை நடுவில் மடித்து, அவர்கள் கண்டதை ஒரு பக்கமும், செய்யச் சொன்னதை மறுபக்கமும் எழுதினேன். ‘படிக்க முடியல’ என்பது கண்டது. ‘எழுத்தைப் பெரிசாக்குங்க’ என்பது செய்யச் சொன்னது. ‘குறிப்புதான் பேசுது’ என்பது கண்டது. ‘குறிப்பை எடுத்துடுங்க’ என்பது செய்யச் சொன்னது.

இவ்வளவும் சரியாகச் செய்தேன். பத்து நாள் முடிந்ததும் இரண்டாவது பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். அதுதான் நான் முதலில் சொன்ன தவறு.

ஸ்பீக்கர் போனது. மின்விசிறி போனது. குறிப்பு போனது. சிவப்பு நூலை ஒவ்வொரு துணியிலிருந்தும் ஊசியால் நெம்பிப் பிரித்தேன். அதற்கு மட்டும் நாலு நாள். ஆறு துணிகளை, எழுத்தைப் பெரிதாக்கி, மறுபடி அச்செடுத்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடி மாட்டிப் பார்த்தபோது எல்லாம் சுத்தமாக, ஒழுங்காக இருந்தது. அலுவலக வரவேற்பறையில் மாட்டி வைக்கலாம்போல இருந்தது. அம்மாவின் கையெழுத்து ஒரு அலங்கார வடிவமாகிவிட்டிருந்தது. நூல் எதற்கு என்று கேட்ட ஓவியர் ஒருநாள் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “அந்தச் சிவப்பு நூல் எங்க?” என்றார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் நூலை எடுக்கச் சொல்லவே இல்லை. எதற்கு என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது நான். உண்மையான பதில் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது: ஷீட் ஒட்டிய கோடு அசிங்கமாகத் தெரிந்தது, அதை மறைக்க நூல் போட்டேன். உறவு, இரத்தம் எல்லாம் நூல் போட்ட பிறகு வந்த வார்த்தைகள். அந்த மாலையில் நான் அதிக நேரம் வாதாடியது அந்த நூலுக்காகத்தான் என்பதையும் ஒலிப்பதிவில் திரும்பக் கேட்டேன்.

சொன்னதற்காக மாற்றிய கலைஞர்கள் வரலாற்றில் நிறைய உண்டு. ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1884-ல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்த ‘மேடம் எக்ஸ்’ உருவ ஓவியத்தில், உடையின் ஒரு பக்கப் பட்டை தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. பெரிய கூச்சல் எழுந்தது. அவர் பிறகு அந்தப் பட்டையைத் தோள்மேல் ஏற்றி வரைந்துவிட்டார். 1916-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வாங்கியது திருத்திய ஓவியத்தைத்தான். முதலில் எப்படி இருந்தது என்பதை இன்றைக்கு நாம் பார்க்க முடிவது அந்தக் காலத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தால். என் முதல் வடிவத்தை நான் ஒழுங்காகப் படம்கூட எடுத்து வைக்கவில்லை. போனில் கோணலாக எடுத்த நாலு படங்கள்தான் இருந்தன. இப்போதெல்லாம் ஊசியைத் தொடுவதற்கு முன் முழுப்படம், பக்கவாட்டுப் படம், தொலைவிலிருந்து அறையோடு சேர்த்து ஒரு படம் என்று எடுத்துவிடுகிறேன். ஒரு துணியையாவது திருத்தாமல் அப்படியே தனியாக வைக்கிறேன்.

மறுபடி அந்த ஐவரையும் அழைக்கத் தைரியம் வேண்டியிருந்தது. மூன்று பேர் வந்தார்கள். இந்த முறை லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன அமைப்பாளர் 1990-ல் உருவாக்கிய முறையைப் பின்பற்றினோம். நாலு படிகள் கொண்டது. முதலில், பார்த்தவர்கள் தங்களுக்கு எது மனதில் நின்றது, எது ஈர்த்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாவதாகக் கலைஞர் கேள்வி கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கலைஞரிடம் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. ‘ஏன் இவ்வளவு நீலம்?’ என்று கேட்டால் அதில் தீர்ப்பு இருக்கிறது. ‘நீலத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?’ என்பதில் இல்லை. நாலாவது படியில்தான் அபிப்பிராயம். அதுவும் ‘இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கு, சொல்லலாமா?’ என்று அனுமதி கேட்டுவிட்டு. கேட்கிறபோது பள்ளிக்கூடச் சடங்குபோலத் தோன்றும். எனக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் என்னைப் பேசவிடாமல் உட்கார வைக்க அந்த ஒழுங்கு தேவைப்பட்டது.

மூன்றாவது படியில் மூத்த ஓவியர் கேட்டார்: “நோட்டை முதல்ல புரட்டினப்ப உங்க கண்ணு எங்க போய் நின்னுச்சு?”

யோசிக்காமல் சொன்னேன். “ஒவ்வொரு மாசமும் கடைசியில அம்மா ‘இதர’ன்னு ஒரு வரி எழுதியிருப்பாங்க. மத்த எல்லாத்துக்கும் என்ன செலவுன்னு இருக்கும். இதுக்கு மட்டும் இருக்காது. ஒரு மாசம்கூட அந்த வரி இல்லாம இல்ல.”

அறை அமைதியாகிவிட்டது. அவர் எழுந்து போய் ஒரு துணியின் பக்கத்தில் நின்று தேடினார். “எங்க இருக்கு அது?” என்றார். நான் போய்க் காட்ட வேண்டியிருந்தது. கீழ் விளிம்பில், மற்ற இருபது வரிகளைப்போல அதுவும் ஒரு வரியாக இருந்தது.

ஏழு மாத வேலை, மூன்று வாரத் திருத்தம். அந்த வேலையைத் தொடங்க வைத்த விஷயம் துணியில் இல்லை, என் வாயில்தான் இருந்தது. இதை யாரும் எனக்கு முன்பே சொல்லியிருக்க முடியாது. ‘படிக்க முடியல’, ‘அழகைத் தாண்ட முடியல’, ‘குறிப்புதான் பேசுது’ என்று அவர்கள் மூவரும் மூன்று வாசல்களிலிருந்து சொன்னது அந்த ஒரே இல்லாமையைத்தான். அவர்களுக்கு வலித்த இடம் சரி. கொடுத்த மருந்துதான் பொருந்தவில்லை. பார்ப்பவர் சொல்லும் தீர்வைவிட, அவர் தடுக்கி நின்ற இடத்தை நான் இப்போது அதிகம் நம்புகிறேன்.

இரண்டாவது திருத்தத்துக்கு முன் ஒரு தாளில் தொடக்கூடாதவற்றை எழுதினேன். அம்மாவின் கையெழுத்து, துணி, 14 என்ற எண்ணிக்கை. மூன்றே மூன்று. மற்றதெல்லாம் பேரத்துக்கு உரியவை. நீலம் அந்தப் பட்டியலில் இல்லை என்று பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சயனோடைப் கற்றுக்கொண்ட மகிழ்ச்சியில்தான் எல்லாம் நீலமாயிருக்கிறது. பரிசோதனை வேலைகளில் இது அடிக்கடி நடக்கும் என்று நினைக்கிறேன். புதிதாகக் கற்ற உத்தி தன்னைக் காட்டிக்கொள்ளத் துடிக்கும். எதைத் தேடித் தொடங்கினோமோ அதை அது மூடிவிடும்.

அப்புறம் வேலையின் வரிசை. திரும்பப் பெற முடிகிற மாற்றங்கள் முதலில், பெற முடியாதவை கடைசியில். மாட்டும் உயரம், இடம், வெளிச்சம், ஒலி எல்லாவற்றையும் காலையில் மாற்றிவிட்டு மாலையில் பழையபடி வைக்கலாம். துணியை வெட்டுவதும் மருந்தில் முக்குவதும் அப்படியல்ல. முதல் திருத்தத்தில் நான் இதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

ஆறு நண்பர்களைத் தனித்தனியாக வரச்சொன்னேன். எதுவும் விளக்காமல் அறையில் விட்டுவிட்டு, அவர்கள் நின்ற இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்தேன். சுவரில் மாட்டியிருந்தபோது எல்லாரும் அறையின் நடுவிலேயே நின்று, தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். துணிகளை மேற்கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, அறை முழுவதும் பரப்பியபோது நடந்தார்கள். இடுப்புயரத்துக்கு இறக்கியபோது குனிந்தார்கள். அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரோஷன்பர்க் தன் ‘மோனோகிராம்’ படைப்போடு 1955 முதல் 1959 வரை போராடியது எனக்கு இந்த நேரத்தில்தான் புரிந்தது. பாடம் செய்த அங்கோரா ஆடு ஒன்றை முதலில் சுவரோடு சேர்த்து வைத்துப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து நிற்கும் பலகைக்கு முன்னால் நிறுத்தினார், கடைசியில் தரையில் கிடத்திய பலகையின் நடுவில் நிறுத்தினார். ஆடு அதே ஆடுதான். அது எங்கே நிற்பது என்பதற்கு நாலு வருடம். நான் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி மூன்று வாரத்தை வீணடித்த சிக்கல், கயிற்றின் நீளத்தில் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு மருந்துதான் வேண்டியிருந்தது. ‘இதர’ வரி மட்டும் நீலத்தில் நிற்க வேண்டும், மற்றதெல்லாம் பின்வாங்க வேண்டும். சயனோடைப்பின் நீலம், இரும்பு கலந்த பிரஷ்யன் நீலம். அதற்குக் காரம் ஆகாது. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் போட்டால் நீலம் முதலில் ஊதா கலந்த சாம்பலாகி, பிறகு வெளிர் மஞ்சளாக இறங்கிவிடும். ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போதும். நிற்கவேண்டிய வரியை மட்டும் மெழுகால் மூடிவிட்டால், பாத்திக் துணியில் சாயம் ஏறாததுபோல, சோடா அங்கே ஏறாது என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு சரிதான், கைதான் பழகவேண்டியிருந்தது. வீணாகிப்போன ஆறு பெரிய எழுத்துத் துணிகளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து 30 சோதனைத் துண்டுகள் எடுத்தேன். அவை இல்லாவிட்டால் இந்த வேலை நடந்திருக்காது. வீணான வேலையை எறியாமல் வைத்திருங்கள், அடுத்த வேலையின் சோதனைச்சாலை அதுதான். முதல் துண்டுகளில் மெழுகு மேற்பரப்பிலேயே உறைந்துவிட, பின்பக்கத்திலிருந்து சோடா ஏறி வரியைத் தின்றுவிட்டது. மெழுகு நன்றாகச் சூடாக இருந்து, துணியின் மறுபக்கம் வரை ஊற வேண்டும். சோடாத் தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் மெழுகு இளகி ஓரத்தில் கசியும். வெளுத்த பிறகு அலசல் போதாவிட்டால் துணியில் தங்கிய காரம் மெல்ல மெல்ல மிச்ச நீலத்தையும் தின்னும். பல தண்ணீர் மாற்றி அலசி, கடைசித் தண்ணீரில் சில துளி வினிகர் விட்டேன். ஒவ்வொரு துண்டின் மூலையிலும் எத்தனை நிமிடம், எவ்வளவு சோடா என்று பென்சிலால் எழுதி வைத்தேன். அந்த 30 துண்டுகளும் ஒரு கோப்பில் இன்னும் இருக்கின்றன.

மெழுகை எடுக்க, துணியைக் காகிதங்களுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட வேண்டும். காகிதம் மெழுகை உறிஞ்சும். எவ்வளவு போட்டாலும் கொஞ்சம் துணிக்குள் தங்கிவிடுகிறது. அந்த இடம் எண்ணெய் பட்ட காகிதம்போல ஒளி புகுவதாக ஆகிவிடும். இதை நான் குறையாக நினைத்து, கொதிநீரில் போட்டு எடுத்துவிடப் பார்த்தேன். ஒளியமைப்பாளர் தற்செயலாக அன்று வந்திருந்தார். ஒரு துண்டைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். வெளிர் மஞ்சள் துணி மங்கலாக இருக்க, ‘இதர’ என்ற பட்டை மட்டும் நீலக் கண்ணாடிபோல ஒளிர்ந்தது. “இதை எடுக்காதீங்க. விளக்கைப் பின்னால வைங்க” என்றார். முதல் மாலையில் ஒரு வார்த்தையும் பேசாதவர். இந்த ஆலோசனையை உடனே ஏற்றுக்கொண்டேன். முன்பு ஏற்ற ஆலோசனைகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், இப்போது படைப்பு எதைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். அதற்கு இது உதவுமா என்று ஒரு நொடியில் சொல்லிவிட முடிந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த நீலம் பலத்த வெளிச்சத்தில் தொடர்ந்து இருந்தால் வெளிறும். இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பி வரும். அதனால் பார்வையாளர் இருக்கும் நேரம் மட்டும் விளக்கு எரிகிறது.

வெளுத்த பகுதியில் மற்ற வரிகள் முழுவதும் மறையவில்லை. மஞ்சளில் வெள்ளையாக, கிட்டே போனால் தெரியும் அளவுக்கு இருக்கின்றன. ‘படிக்க முடியல’ என்று சிற்பி சொன்னதற்கு அது பதிலாகிவிட்டது. ஷீட் ஒட்டிய கோடுகளை மறைக்காமல் விட்டேன். நோட்டைப் பிரித்து மடித்த தடம்போல இருக்கிறது. நூலைப் பிரித்த ஓட்டைகளும் அப்படியே இருக்கின்றன. பெரிதாக்கிய ஆறு பக்கங்களையும் பழைய அளவில் மறுபடி அச்செடுத்தேன். பழைய ஷீட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் முடிந்தது. நூல் ஓட்டைகள் அந்த ஆறில் இல்லை, மற்ற எட்டில் உண்டு. அதைச் சமன்செய்ய நினைத்து, பிறகு விட்டுவிட்டேன். ஒலி திரும்பி வரவில்லை. மின்விசிறியும் இல்லை, ஆள் நடந்தாலே துணி அசைகிறது.

தலைப்புக்கு வருகிறேன். முதல் மாலையில் வந்த கருத்துகளில் பாதி, ‘நினைவின் எண்கணிதம்’ என்ற பெயரும் 400 சொல் குறிப்பும் கிளப்பிவிட்ட எதிர்பார்ப்பைப் பற்றியவை என்பது தாளைத் திரும்பப் படித்தபோது தெரிந்தது. அவற்றுக்காக நான் துணியைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். வெனிஸில் 1573-ல் பாவ்லோ வெரோனீசே வரைந்த இயேசுவின் பிரம்மாண்டமான ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தில் கோமாளி, நாய், ஜெர்மானியப் போர்வீரர்கள் எல்லாம் இருக்கிறார்களே என்று மத விசாரணை மன்றம் அவரை அழைத்துக் கேட்டது. திருத்தச் சொல்லி உத்தரவும் போட்டது. அவர் அந்த உருவங்களை அழிக்கவில்லை. ஓவியத்தின் பெயரை ‘லேவியின் வீட்டு விருந்து’ என்று மாற்றினார். அது தப்பிப்பதற்காகச் செய்தது. என் நிலைமை வேறு. ஆனாலும் எந்தக் கருத்து படைப்பின் மேல் விழுகிறது, எது அதன் பெயர்ப்பலகை மேல் விழுகிறது என்று பிரித்துப் பார்க்க அந்தக் கதை எனக்குப் பழக்கியது. இப்போது தொடரின் பெயர் ‘இதர’. குறிப்பு இரண்டு வரி.

ஏற்காத கருத்துகளும் உண்டு. பக்கத்தில் அச்செழுத்தில் கணக்கைக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். துணிகள் இன்னும் நாலு மடங்கு பெரிதாக இருந்தால் கண்காட்சியில் எடுபடும் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் மறுத்தேன். மறுத்ததன் காரணத்தையும் அதே தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நோட்டு கையில் பிடிக்கும் பொருள். ஆள் உயரத்துக்கு மேல் போனால் அது அறிவிப்புப் பலகை ஆகிவிடும். இப்படி ஒரு வரியில் காரணம் எழுத முடிந்தால் மறுக்கிறேன். எழுத வராமல் வெறும் எரிச்சல் மட்டும் இருந்தால், அந்தக் கருத்தை இன்னும் பத்து நாள் வைத்துப் பார்க்கிறேன்.

இவ்வளவுக்கும் அம்மாவுக்குத் தொடரைக் காட்டவில்லை. நோட்டை எடுத்துக்கொள்ள முன்பே அனுமதி கேட்டிருந்தேன், எண்களை வாசித்துக் கொடுத்ததும் அவர்தான். அதனால் அது போதும் என்று இருந்துவிட்டேன். இரண்டாவது திருத்தம் முடிந்து, விளக்கெல்லாம் பொருத்திய பிறகு அழைத்து வந்தேன். ஒவ்வொரு துணியாக நின்று, மஞ்சளில் மங்கிக் கிடந்த பழைய வரிகளைக் குனிந்து வாசித்துக்கொண்டே வந்தார். நீலப் பட்டைகளைப் பார்த்ததும் சிரித்தார். “இதைப் போய் எடுத்திருக்கியே” என்றார். ஐந்தாவது துணிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. தேதியைப் பார்த்தார். பிறகு மீதித் துணிகளையும் பார்த்துவிட்டு, வெளியே வந்து சொன்னார்:

“நல்லா இருக்கு. அந்த அஞ்சாவது மட்டும் வேண்டாம்.”

நான் வாதாட வாயெடுத்தேன். 14 என்பது தொடக்கூடாதது என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். அந்த ‘இதர’ வரியின் எழுத்து மற்றதைவிட அழுத்தமாக இருக்கும், எனக்கு மிகப் பிடித்த துணி அதுதான். கலை விமர்சனம் சொல்பவர்களிடம் நான் கற்றுக்கொண்ட எந்த வரிசையிலும் இந்தக் கருத்து அடங்கவில்லை. இது படைப்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியதல்ல. யாருடைய வாழ்க்கையிலிருந்து எடுத்தோமோ அவர் சொல்வது. நான் ‘இதர’ என்ற வரியை ஒளிர வைத்ததே, அது சொல்லாமல் விட்டதற்காகத்தான். அதைச் சொல்லாமல் வைத்திருக்கும் உரிமை அவருடையது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. மற்றவர்களின் கடிதம், குரல், படம், கையெழுத்து எதையாவது வைத்து வேலை செய்பவர்கள், அவர்களிடம் ஆரம்பத்தில் அனுமதி கேட்டால் போதாது. முடிந்த வடிவத்தை, வெளியில் யாருக்கும் காட்டுவதற்கு முன், அவர்களிடம்தான் முதலில் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் அவர் சம்மதித்தபோது ‘இதர’ தனியாக ஒளிரப்போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதைக் கழற்றி 13 ஆக்கிவிடலாமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “துணி இருக்கட்டும். எழுத்துதான் வேண்டாம்” என்றார்.

அந்த வரியில் தங்கியிருந்த மெழுகு சோடாவை ஏறவிடாது. முதலில் துணியைக் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் சோடாத் தண்ணீரில் இட்டேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். நீலம் ஊதாவாகி, சாம்பலாகி, மஞ்சளாக ஏழு நிமிடம் ஆனது. வெள்ளை எழுத்து இன்னும் லேசாகத் தெரிந்ததால், அந்தத் துணியை மட்டும் அடர்ந்த டானின் (தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள்) சாயத்தில் போட்டு முழுவதையும் கருமையாக்கினேன். இரும்பு தங்கிய இடமெல்லாம் கறுத்து, எழுத்திருந்த இடம் பழுப்பாகி, இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக் கலங்கின. வரி படிக்க முடியாமல் போகும்வரை மூன்று முறை முக்கினோம்.

நாலாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் அது தொங்குகிறது. பின்னால் விளக்கும் இருக்கிறது. அந்த மாதம் என்ன செலவு என்று நான் கேட்கவில்லை.